டிவி வழியாக நமக்கு அறிமுகமான வெளிநாட்டுக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது சில வருடங்கள் என் பிழைப்பாக இருந்தது. கொரியத் தொடர்கள்தான் அதிகம், நடுவில் துருக்கி, ஒன்றிரண்டு ஆங்கிலம். வேலையைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் கேட்பது, "கொரியாக்காரங்க நிஜமாவே அப்படித்தானா?" என்றுதான். எனக்குத் தெரியாது, நான் கொரியாவுக்குப் போனதே இல்லை. ஆனால் அந்த "அப்படித்தான்" நம் மண்டைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பது கொஞ்சம் தெரியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

ஸ்டீரியோடைப் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முத்திரை குத்துவது என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். ஆங்கிலச் சொல் பிறந்தது அச்சுக்கூடத்தில். எழுத்து எழுத்தாகக் கோத்த பக்கத்தை அடுத்த பதிப்புக்கு மறுபடி கோக்காமல் இருக்க, மொத்தப் பக்கத்தையும் ஒரே உலோகத் தகடாக வார்த்து வைத்துக்கொள்வார்கள், அந்தத் தகட்டின் பெயர்தான் ஸ்டீரியோடைப். 1922-ல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதை மனித மனத்துக்குப் பொருத்தினார். நேரில் பார்க்காத உலகத்தைப் பற்றி, தலைக்குள் இருக்கும் படங்களை வைத்துத்தான் நாம் முடிவெடுக்கிறோம் என்றார். அவர் எழுதும்போது வீட்டில் டிவி என்ற ஒன்றே கிடையாது.

டிவிக்காரர்கள் வேண்டுமென்றே செய்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை, அவசரத்தில் செய்கிறார்கள். ஒரு நாட்டைக் காட்ட அவர்களுக்கு நாலைந்து நொடிதான் கிடைக்கிறது. அதற்குள் பார்ப்பவர் "ஓ, இந்த ஊரா" என்று பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ரிமோட்டைத் தட்டிவிடுவார். அதனால் அவர் மண்டையில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதையே எடுத்து அவருக்கே காட்டுகிறார்கள். பாரிஸ் என்றால் ஈஃபில் கோபுரமும் அக்கார்டியனும். இந்தியா என்றால் சித்தாரும் நடுரோட்டு மாடும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2021 ஜூலை 23, டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா. ஒவ்வொரு நாட்டு அணியும் கொடியோடு மைதானத்துக்குள் நடந்து வருகிறது. தென் கொரியாவின் எம்.பி.சி. சேனல் அதை நேரலையாகக் காட்டிக்கொண்டே, திரையின் ஓரத்தில் அந்தந்த நாட்டை அறிமுகப்படுத்த ஒரு படம் போடுகிறது. இத்தாலி வந்தது: பீட்சா. நார்வே வந்தது: சால்மன் மீன். ருமேனியா: டிராகுலா. உக்ரைன் வந்ததும் செர்னோபில் அணு உலை. ஹைட்டிக்குத் தெருக்கலவரப் படமும், அதிபர் கொலையால் அரசியல் குழம்பிக் கிடக்கிறது என்று ஒரு வரியும். மார்ஷல் தீவுகளுக்கு, ஒரு காலத்தில் அமெரிக்கா அணுகுண்டு சோதித்த இடம் என்ற குறிப்பு. நாலு வருடம் பயிற்சி செய்து, கோட் போட்டுக்கொண்டு, கையாட்டிச் சிரித்து வருகிற ஒரு நீச்சல் வீராங்கனைக்குப் பக்கத்தில் இது. கொரியாவிலேயே பெரிய சத்தம் கிளம்பி, சேனலின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இதைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். உங்களையே யாராவது, "200 நாட்டுக்கு ஆளுக்கு ஒரு படம், நாளைக்கு மதியத்துக்குள் வேண்டும்" என்று உட்கார வைத்தால் ருமேனியாவுக்கு என்ன போடுவீர்கள்? நான் போட்டுப் பார்த்தேன். எனக்கும் டிராகுலாவைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத்தான் ஜிம்னாஸ்டிக்ஸ் நாடியா கோமனெச்சி நினைவுக்கு வந்தார்.

நகைச்சுவையை எல்லாம் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

ரசிக்கலாம், நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு அருமையான சாட்சி இருக்கிறது, அவர் பெயர் மானுவல்.

1975-லும் 1979-லும் பி.பி.சி.யில் மொத்தம் 12 பகுதிகள் மட்டும் வந்த 'ஃபால்டி டவர்ஸ்' என்ற ஓட்டல் காமெடியில் மானுவல் ஒரு சர்வர். பார்சிலோனாவிலிருந்து வந்தவர், ஆங்கிலம் வராது, முதலாளி ஒன்று சொன்னால் இவர் ஒன்று செய்வார், தலையில் அடி வாங்குவார். "அவன் பார்சிலோனாக்காரன், விட்டுவிடுங்கள்" என்பதுதான் முதலாளி எல்லோரிடமும் சொல்லும் சமாதானம். பிரிட்டன் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. சரி, இந்தத் தொடர் ஸ்பெயினுக்கே போனபோது என்ன ஆனது? ஸ்பானிய டப்பிங்கில் மானுவல் இத்தாலிக்காரர் ஆனார், பெயர் பாவ்லோ. பார்சிலோனாவின் சொந்த மொழியான கத்தலானில் டப் செய்தபோது மெக்சிகோக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

நடிப்பு அதே, முகம் அதே, வாங்குகிற அடியும் அதே. பாஸ்போர்ட் மட்டும் மூன்று. அப்படியானால் அந்த முட்டாள்தனத்துக்கும் ஸ்பெயின் என்ற நாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. பார்க்கிறவர் வீட்டுக்கு வெளியே இருக்கும் எவராவது ஒருவர் தேவை, அவ்வளவுதான். எந்த டப்பிங்கிலும் சர்வரை உள்ளூர்க்காரராக ஆக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். (நடித்தவர் ஆண்ட்ரூ சாக்ஸ், ஸ்பெயின்காரரே அல்ல. பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிச் சிறுவயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர்.)

நமக்கு இது புதிதா என்ன. அடகுக்கடை சேட்டு என்றால் "நம்பள்கி நிம்பள்கி", டீக்கடை என்றால் மலையாளி, கூர்க்கா என்றால் "சாப்". வடக்கே போனால் அதே அச்சில் நாம் "ஐயோ ஐயோ ஜி" சொல்லும் மதராஸி.

ஆனால் கிண்டல் செய்யப்படும் நாட்டுக்காரர்களே விரும்பிப் பார்க்கிறார்களே?

'மைண்ட் யுவர் லாங்வேஜ்' பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரிகிறது. லண்டனில் ஒரு மாலை வகுப்பு, ஜெர்மி பிரௌன் என்ற வாத்தியார், ஆங்கிலம் கற்க வந்த பல நாட்டுக்காரர்கள். 1977 கடைசியில் பிரிட்டனின் ஐ.டி.வி. சேனலில் தொடங்கி 1979 வரை ஓடியது. ஜெர்மன் பெண் முரட்டுக் கறார், பிரெஞ்சுப் பெண் கவர்ச்சி, சீனப் பெண் மாவோவின் சிவப்புப் புத்தகமும் கையுமாக, ஜப்பான்காரர் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஓர் "ஓ" சேர்ப்பவர். பாகிஸ்தானி அலியும் சீக்கியர் ரஞ்சித் சிங்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சண்டை. "ஆயிரம் மன்னிப்புகள்" என்று ரஞ்சித் கைகூப்பும் வசனத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிற பெரியவர்கள் உண்டு. இனக்கிண்டல் என்று சொல்லித்தான் சேனலின் பெரிய அதிகாரி மைக்கேல் கிரேட் அதை நிறுத்தினார். ஆனால் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், மலேசியா எல்லா இடத்திலும் அது சக்கைப்போடு போட்டது.

ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன். ஒன்று, அந்த வகுப்பில் எல்லோருக்கும் அடி விழுகிறது, ஒருவர் மட்டும் தனியாக மாட்டவில்லை. இரண்டாவது, ஆங்கிலம் தடுக்கி விழும் அவமானம் நமக்கு நன்றாகத் தெரியும், அதைப் பார்த்துச் சிரிக்கும்போது ஒரு விடுதலை இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம்: சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்து பார்த்தவருக்கு ரஞ்சித் சிங் நூறு சிங்குகளில் ஒருவர், அவருக்குத் தெரிந்த சர்தார் டாக்டர், லாரி ஓனர், பட்டாளத்துக்காரர் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தது. 1978-ல் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் பள்ளிக்கூடம் போன சீக்கியப் பையனுக்கு அந்த வசதி இல்லை, அவன் வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே சிங் ரஞ்சித்தான். அதே நகைச்சுவை ஓரிடத்தில் பொழுதுபோக்கு, இன்னோரிடத்தில் பட்டப்பெயர்.

இன்னொரு சங்கதி, ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பஞ்சாபியும் இல்லை, சீக்கியரும் இல்லை. இலங்கையில் கம்பளையில் பிறந்தவர்.

அப்பு விவகாரம் என்ன?

அமெரிக்கக் கார்ட்டூன் 'தி சிம்ப்சன்ஸ்' தெரியுமல்லவா, அதில் 24 மணி நேரக் கடை நடத்தும் இந்தியர் அப்பு. 1990-லிருந்து வருகிறார். குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா, வெள்ளையர். அப்பு கெட்டவர் இல்லை, உழைப்பாளி, குடும்பஸ்தர். பிரச்சினை அந்த உச்சரிப்பு. அமெரிக்காவில் வளர்ந்த ஒரு தலைமுறை இந்தியப் பிள்ளைகள் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை, ஆனால் பள்ளியில் மற்றவர்கள் அவர்களைப் பார்த்து அப்படித்தான் பேசினார்கள். 2017-ல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் இதை ஆவணப்படமாக எடுத்தார். 2018-ல் தொடர்காரர்கள் ஒரு காட்சியில் பட்டும் படாமலும் பதில் சொல்லி மேலும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2020 தொடக்கத்தில் அசாரியா இனி அப்புவுக்குக் குரல் தரமாட்டேன் என்றார், அடுத்த வருடம் மன்னிப்பும் கேட்டார்.

கார்ட்டூன்தானே, எல்லோரையும்தானே கிண்டல் செய்கிறார்கள் என்பார்கள். உண்மை. ஆனால் அந்த ஊரில் வெள்ளைக்காரப் பாத்திரங்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்: குடிகாரர், பாதிரியார், டாக்டர், மேயர், போலீஸ், பணக்காரக் கிழவர். இந்தியர் எத்தனை பேர்?

செய்தி உண்மையைத்தானே காட்டுகிறது?

உண்மையைத்தான் காட்டுகிறது, எந்த உண்மையை என்பதுதான் விஷயம்.

1984 அக்டோபர் 23 அன்று பி.பி.சி.யில் மைக்கேல் புவர்க் பஞ்சத்தில் தவித்த எத்தியோப்பியாவின் கோரெம் முகாமிலிருந்து ஒரு செய்தி கொடுத்தார். படம் பிடித்தவர் கென்யாவின் முகமது அமீன். விடியற்காலைக் குளிர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரையில் சுருண்டு கிடக்கும் மனிதர்கள், துணியில் சுற்றிய பிணங்கள். பார்த்தவர்கள் உறைந்து போனார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1985 ஜூலையில் 'லைவ் எய்ட்' கச்சேரி, கோடிக்கணக்கில் பணம். அந்தச் செய்தியில் பொய் ஒன்றும் இல்லை, அதனால் உயிர்கள் பிழைத்தன என்பதிலும் சந்தேகமில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். 2002-ல் வி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம், அந்தக் கச்சேரி மக்கள் மனத்தில் என்ன விட்டுச் சென்றது என்று ஆராய்ந்து வெளியிட்டது. பிரிட்டிஷ்காரர்களில் 80 சதவீதம் பேர், வளரும் நாடு என்றதும் பஞ்சம், பேரழிவு, மேற்கத்திய உதவி என்ற படங்களோடுதான் அதை இணைத்துப் பார்த்தார்கள். முகாமைக் காட்டி 18 வருடம் ஆகிவிட்டது, படம் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தப் பஞ்சத்தில் மழையோடு உள்நாட்டுப் போருக்கும் ராணுவ அரசுக்கும் பங்கு இருந்தது என்பது அந்தப் படத்தில் தெரியாது. 1896-ல் அட்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த நாடு என்பது தெரியாது. நாம் குடிக்கிற காபிச் செடியின் பூர்வீகமே அந்த மலைகள்தான் என்பதும் தெரியாது.

வெளிநாட்டுச் செய்தியில் பெரிய நாடு என்றால் தேர்தல் வரும், திருமணம் வரும், நாய்க்குட்டிக் கண்காட்சிகூட வரும். சிறிய ஏழை நாடு செய்தியில் வர வேண்டுமானால் ஏதாவது இடிந்து விழ வேண்டும். இதை 1965-லேயே கால்துங், ரூகே என்ற இரு நார்வே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நம் ஊர்ச் சேனல்களை எடுத்துக்கொள்ளுங்களேன். பக்கத்தில் இருக்கிற வங்கதேசம் கடைசியாக எப்போது வெள்ளமோ கலவரமோ கிரிக்கெட்டோ இல்லாமல் செய்தியில் வந்தது?

சில நாடுகள் மட்டும் ஏன் மஞ்சளாகத் தெரிகின்றன?

கலர் கிரேடிங், அதாவது படம் பிடித்த பிறகு அதன் நிறத்தை மாற்றுவது. 'பிரேக்கிங் பேட்' தொடரில் அமெரிக்க எல்லையைத் தாண்டி மெக்சிகோவுக்குள் கார் நுழைந்தவுடன் வானமே மஞ்சளாகிவிடும், சூரியன் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான் என்றாலும். வெயில், புழுதி, ஆபத்து எல்லாவற்றுக்கும் அதுவே கணக்கு. கூடவே ஒலியும் உண்டு: அரபு நாடு என்றால் தொலைவில் பாங்கு, யாரோ ஒரு பெண் இழுத்துப் பாடும் ஓலம்.

'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்க உளவுத் தொடர் இதில் நன்றாக மாட்டியது. 2012-ல் பெய்ரூட்டின் ஹம்ரா தெருவை ஆயுதக் கும்பல்களின் குகையாகக் காட்டினார்கள். நிஜ ஹம்ரா காபிக்கடையும் துணிக்கடையும் நிறைந்த தெரு, படம் பிடித்ததோ இஸ்ரேலில். லெபனான் சுற்றுலா அமைச்சர் வழக்குப் போடுவேன் என்றார். 2015-ல் அதைவிடப் பெரிய கூத்து. பெர்லின் அருகே சிரிய அகதி முகாம் செட் போட்டு, சுவரில் அரபியில் ஏதாவது கிறுக்கி அசலாகத் தெரியச் செய்யுங்கள் என்று கலைஞர்கள் மூன்று பேரைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் எழுதியது: "ஹோம்லேண்ட் இனவெறி பிடித்தது", "ஹோம்லேண்ட் ஒரு ஜோக், ஆனால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை". படக்குழுவில் ஒருவருக்கும் அரபி படிக்கத் தெரியாது, அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. அவர்களுக்கு அரபி என்பது படிக்கிற எழுத்து இல்லை, வால்பேப்பர்.

டிவி நல்ல பெயரும் வாங்கித் தருமா?

தரும். இந்தப் பக்கத்தைப் பற்றித்தான் நம்மவர்கள் குறைவாகப் பேசுகிறார்கள்.

ஜப்பானின் என்.எச்.கே. 1983-ல் 'ஓஷின்' என்ற தொடரை ஆரம்பித்தது. வறுமையில் வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு கிராமத்துச் சிறுமி கிழவியாகும் வரையிலான கதை, கால்மணி நேரம் கால்மணி நேரமாக 297 பகுதிகள். ஜப்பான் என்றால் ரோபோ, கார், பணம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பனியில் நடுங்கும் ஒரு பிள்ளையைக் காட்டியது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடியது. போர் நடந்துகொண்டிருந்த ஈரானில் ஊரே அதைப் பார்த்தது. ஓஷினின் புகுந்த வீட்டுக் குடும்பப் பெயரிலிருந்து வந்த "தனாகுரா" என்ற சொல்தான் அங்கே பழைய துணி விற்கும் கடைக்கு இன்றைக்கும் பெயர்.

'விண்டர் சொனாட்டா' இன்னும் சுவாரசியம். 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட ஜப்பானில், கொரியர்கள் என்றாலே ஒரு இளப்பம் பல காலம் இருந்தது. 2003-ல் இந்தக் கொரியக் காதல் தொடரை என்.எச்.கே. போட்டது. நடுவயதுப் பெண்கள் கதாநாயகன் பே யோங்-ஜுன் பின்னால் போனார்கள், மரியாதை சேர்த்து "யோன்-சாமா" என்று அழைத்தார்கள், படப்பிடிப்பு நடந்த நாமி தீவுக்கு விமானம் ஏறினார்கள், கொரிய மொழி வகுப்பில் சேர்ந்தார்கள். ராஜதந்திரிகள் செய்யாததை ஒரு மஃப்ளர் போட்ட ஆள் செய்துவிட்டார். ஆனால் அதே ஜப்பானில் 2005-ல் கொரியர்களை வெறுக்கச் சொல்லும் ஒரு மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதைப் புத்தகம்) விற்பனையில் பறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நமக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் 2014-ல் வந்த 'ஜிந்தகி' சேனல். பாகிஸ்தான் தொடர்களைக் கொண்டுவந்து இந்திய வீடுகளில் போட்டது. வெடிகுண்டும் தாடியும் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, கல்லூரிக் கட்டணத்துக்குத் தவிக்கும் பெண், மகள்களைத் தனியாக வளர்க்கும் டீச்சர் அம்மா, வாயாடி மாமியார். வடநாட்டில் பலருக்கு அது அதிர்ச்சி, "இவர்களும் நம் வீடு மாதிரியே சண்டை போடுகிறார்களே" என்று. 2016 செப்டம்பரில் உரி தாக்குதலுக்குப் பிறகு அந்தத் தொடர்கள் நிறுத்தப்பட்டன.

நல்ல முத்திரையும் முத்திரைதான் என்பதை மறக்க வேண்டாம். 'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடர் 2021-ல் வந்தபோது அதில் வரும் பாகிஸ்தான் தொழிலாளி அலியை எல்லோருக்கும் பிடித்தது (நடித்தவர் இந்தியர், அனுபம் திரிபாதி). பார்க்கிறவரை எல்லாம் "முதலாளி" என்று கூப்பிட்டு, எல்லோரையும் நம்பி, ஏமாந்து சாகிறார். பாசமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் புத்திசாலியான, கொஞ்சம் அயோக்கியத்தனமும் உள்ள ஒரு பாகிஸ்தானியை எழுத அவர்களுக்குக் கை வந்திருக்குமா?

நம் சீரியல்களைப் பார்த்து நம்மை என்ன நினைக்கிறார்கள்?

வியட்நாமில் கேட்டால் "எட்டு வயது மணப்பெண்" என்பார்கள். 'பாலிகா வது', நம்மூரில் 'மண் வாசனை' என்று டப் ஆகி வந்ததே, அதற்கு அங்கே வைத்த பெயர் அது. பெரிய வெற்றி. குழந்தைத் திருமணத்தைக் கண்டித்து எடுத்த தொடர், ஆனால் ஆயிரக்கணக்கான பகுதிகள் பார்த்த பிறகு மனத்தில் தங்குவது கண்டனமா, கல்யாணமா? உங்களுக்கு எத்தனை வயதில் கல்யாணம் ஆனது என்று யாராவது அங்கே கேட்டால் கோபப்படாதீர்கள்.

ஆப்கானிஸ்தானில் டோலோ டிவி 'கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி' தொடரைத் தாரி மொழியில் டப் செய்து போட்டது. கதாநாயகி துளசி அங்கே வீட்டுப் பெண் ஆகிவிட்டாள். பூஜையறைக் காட்சிகளில் சாமி சிலைகளை மங்கலாக்கிவிட்டுத்தான் காட்டினார்கள், இருந்தும் 2008-ல் அரசு இந்தியத் தொடர்களை நிறுத்தச் சொன்னது. பளிங்குத் தரை, பட்டுப்புடவை, தூங்கும்போதும் நகை. காபூலில் அதைப் பார்த்த பெண் இந்தியாவில் எல்லோர் வீடும் அப்படி என்று நினைத்திருந்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா, அல்லது எல்லாம் அனுமானமா?

இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் கடைசியிலிருந்து பார்த்தது இதைத்தான்: அதிக நேரம் டிவி பார்ப்பவர்கள், நிஜ உலகத்தையும் டிவி உலகம் மாதிரியே கணக்குப் போடுகிறார்கள், ஆபத்தை நிஜத்தைவிட அதிகமாக மதிப்பிடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. 2005-ல் ஷியாப்பா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், பிற குழுவினரோடு நேரில் பழகினால் வெறுப்பு குறைவது போலவே, திரையில் நெருக்கமாகப் பழகினாலும் குறையலாம் என்று காட்டினார்கள். ஒரே பெட்டிதான் இரண்டையும் செய்கிறது.

புகார் செய்தால் பலன் உண்டா?

யார் புகார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2021-ல் ஒரு கொரிய பேட்மிண்டன் தொடரில் ஜகார்த்தா போட்டியை மட்டமாகக் காட்டியதற்கு இந்தோனேசிய ரசிகர்கள் கொதித்தார்கள். சேனல் சீக்கிரமே மன்னிப்புக் கேட்டது, ஏனென்றால் இந்தோனேசியா கொரியத் தொடர்களுக்குப் பெரிய சந்தை. 2022-ல் போதைப்பொருள் கடத்தல் பற்றிய ஒரு கொரியத் தொடருக்கு 'சுரினாம்' என்று நாட்டின் பெயரையே வைத்தார்கள் (வெளியுலகுக்கு 'நார்கோ-செயிண்ட்ஸ்'). படம் பிடித்தது டொமினிகன் குடியரசில். சுரினாம் வெளியுறவு அமைச்சர் ஆட்சேபித்தார், அங்கே வசிக்கும் கொரியர்கள் ஜாக்கிரதையாக இருக்கும்படி கொரியத் தூதரகம் எச்சரிக்க வேண்டிவந்தது. தொடர் அப்படியேதான் இருக்கிறது. சுரினாமில் ஆறு லட்சம் பேர்தான் இருக்கிறார்கள். சந்தா எத்தனை வரும்?

டப்பிங் செய்யும்போது முத்திரை கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். கொரியத் தொடரில் ஆளைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்றுதான் விசாரிப்பார்கள், அதை எழுதும்போது எனக்கு உடம்பே சிலிர்த்தது, உதட்டசைவைப் பற்றிக் கவலையே இல்லாமல் அப்படியே தமிழில் உட்கார்ந்தது. "ஓப்பா" வந்தால் திண்டாட்டம். அண்ணனையும் கூப்பிடுவார்கள், காதலனையும் கூப்பிடுவார்கள். காதலனை "அண்ணா" என்று எழுதினால் நம் வீட்டில் டிவியை உடைப்பார்கள். அதனால் ஒரு இடத்தில் பெயர், ஒரு இடத்தில் "மாமா", ஒரு இடத்தில் வெறும் "ஏய்". பன்றிக்கறி "கறி" ஆகும், சோஜு என்ற கொரியச் சாராயம் "ஜூஸ்" ஆகும். பார்க்கிற அத்தைக்குக் கொரியாக்காரர்கள் நம்மை மாதிரியே இருப்பதாகத் தோன்றும். அதில் பாதி நான் எழுதியது.

அப்படியானால் நீங்களும் இதைச் செய்திருக்கிறீர்களா?

செய்திருக்கிறேன். ஒரு தொடரில் நைஜீரியாவிலிருந்து வந்த டாக்டர் ஒருவர், மூன்று காட்சிதான். மூலத்தில் மற்றவர்களைப் போலவே சுத்தமாகத்தான் பேசுவார். நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். சேனலிலிருந்து வந்தவர் படித்துவிட்டு, "ஆப்பிரிக்கா ஃபீல் வரலையே சார், கொஞ்சம் உடைச்சுப் போடுங்க" என்றார். உடைத்துப் போட்டேன். வினைச்சொல்லை எடுத்தேன், முன்னால் ஒரு உறுமலைச் சேர்த்தேன். டப்பிங் கலைஞர் தொண்டையைக் கனமாக்கிப் பேசினார், தியேட்டரில் எல்லோரும் சிரித்தோம், அந்த லூப் (டப்பிங்குக்காக வெட்டிய காட்சித் துண்டு) முதல் டேக்கிலேயே ஓகே.

அது நடந்து ஒரு வருடம் கழித்து இருக்கும். தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டீக்கடை, சுற்றிலும் கல்லூரிகள். ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் பன் வாங்கிக்கொண்டு நின்றார். பெஞ்சில் இருந்த பையன்களில் ஒருவன் குரலைக் கனமாக்கி அந்த வரியைச் சொன்னான், உறுமலோடு, சொல் மாறாமல். மற்றவர்கள் சிரித்தார்கள். மாணவரும் லேசாகச் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் ஆங்கிலத்தில், இவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதையே சொல்கிறார்கள், என்ன அர்த்தம் என்று கேட்டார். ஏதோ டிவி வசனம் என்றேன். எந்த நிகழ்ச்சி என்றார்.

தெரியாது என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தேன்.